45 நொடி மூச்சு

(நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சப்நாட்டிகா என்ற கடலடி வீடியோ கேம் பற்றிப் பேச ஒருவரை மேடையேற்றியிருக்கிறீர்கள். முன்வரிசைப் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளோ, நான் எங்கே தப்பாகச் சொல்வேன் என்று காத்திருக்கிறார்கள். அதுவும் தெரிகிறது.

தண்ணீர் என்றாலே கேம் ஆடுகிறவர்கள் முகம் சுளித்த காலம் ஒன்று உண்டு. 1991-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட சோனிக் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னல் மாதிரி ஓடுகிற நீல நிற முள்ளெலி. அதைக் கொண்டுபோய் லாபிரிந்த் சோன் என்ற கட்டத்தில் தண்ணீருக்குள் தள்ளினார்கள். ஓட்டம் போச்சு. பாவம், நீச்சலும் தெரியாது. மூச்சு தீரப்போகிறது என்றால் 5, 4, 3 என்று எண்கள் இறங்கும். கூடவே வேகமெடுத்துக்கொண்டே போகிற ஒரு இசை. சின்ன வயதில் அதைக் கேட்டவர்களுக்கு இன்றைக்குப் போட்டுக்காட்டினாலும் வயிற்றைக் கலக்கும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் நாயகன் மாரியோவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, மூச்சே விடாமல் நீந்துவார். 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64-இல் அவருக்கும் மூச்சு வைத்தார்கள். ஆனால் உயிரைக் காட்டுகிற அதே வட்டம்தான் மூச்சையும் காட்டும். அதனால் எங்கேயாவது அடிபட்டால் குளத்தில் குதித்து, மேலே வந்து தலையை நீட்டினால் போதும், உடம்பு தேறிவிடும். செலவில்லாத வைத்தியம்.

இதிலெல்லாம் தண்ணீர் ஓர் இடைஞ்சல். தரையில் ஓடவும் தாவவும் செய்த ஆட்டத்துக்கு நடுவே குறுக்கே வந்த ஒன்று. கடலையே வீடாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டது சப்நாட்டிகா. சான் பிரான்சிஸ்கோவின் அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் செய்தது. இயக்கியவர் சார்லி கிளீவ்லாண்ட். 2014 டிசம்பரில் அரைகுறையாகவே விற்பனைக்கு விட்டு, ஆடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2018 ஜனவரி 23 அன்று முழுமையாக வெளியிட்டார்கள். தேதிப் பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 1960-இல் இதே ஜனவரி 23 அன்றுதான் ழாக் பிக்காரும் டான் வால்ஷும் ட்ரியஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில், பசிபிக் கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியைத் தொட்டார்கள். போகிற வழியிலேயே வெளி ஜன்னல் ஒன்று பெரும் சத்தத்தோடு விரிசல் விட்டது. அப்படியும் இறங்கினார்கள், அடியில் இருபது நிமிடம்போல இருந்துவிட்டு ஏறினார்கள். மனுஷப்பிறவிக்கு இந்தக் கிறுக்கு புதிதல்ல.

கதை சுலபம். அரோரா என்ற விண்கலம் ஒரு கடல் கிரகத்தில் விழுகிறது. தப்பிக்கும் பெட்டி ஒன்றில் நீங்கள் மட்டும் மிதக்கிறீர்கள். மேலே மூடியைத் திறந்தால் நாலாபக்கமும் தண்ணீர். கீழே குதிக்கிறீர்கள். கையில் 45 நொடி மூச்சு.

இந்த 45 நொடியில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது என்பது என் கட்சி. அழகான பவளப்பாறை, ஒளிரும் மீன் என்றுதான் எல்லோரும் புகழ்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் மூச்சு என்ன செய்கிறது பாருங்கள். நிலத்தில் நடக்கிற ஆட்டத்தில் நூறு அடி போனால் நூறு அடி முன்னேற்றம். இங்கே போவதற்கு எவ்வளவு மூச்சோ, மேலே வருவதற்கும் அவ்வளவு வேண்டும். பாறை இடுக்கில் செம்பு மின்னுகிறது, எடுத்துவிடலாம். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு குகை, உள்ளே ஊதா வெளிச்சம். 'ஒரே ஒரு எட்டு' என்று நுழைகிறீர்கள். திரும்பினால் வந்த வாசலைக் காணோம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பாறை. எச்சரிக்கைக் குரல் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் நிஜமாகவே மூச்சைப் பிடித்திருப்பீர்கள். அடுத்த முறை யாராவது ஆடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தலை மேலே வந்ததும் திரையில் இருக்கிறவனும் மூச்சு விடுவான், நாற்காலியில் இருக்கிறவனும் விடுவான்.

அந்தக் கணக்கு பழகிய பிறகு மூன்று டைட்டானியம் சேர்த்து ஓர் ஆக்ஸிஜன் டேங்க் செய்கிறீர்கள். 45 நொடி 75 ஆகிறது. வெறும் முப்பது நொடிதான். ஆனால் நேற்று எட்டாத இடமெல்லாம் இன்று எட்டுகிறது. மற்ற ஆட்டங்களில் வாள் பெரிதாகும், எதிரியும் பெரிதாவான், கடைசியில் பழைய கதைதான். இங்கே மூச்சு நீண்டால் உலகமே அகலமாகிறது. 100 மீட்டருக்குக் கீழே போனால் அதே மூச்சு சீக்கிரம் கரையும், அதற்கு வேறு ஒரு கருவி செய்ய வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சப்நாட்டிகாவில் வரைபடமே கிடையாது. காலை விட்டால்தான் ஆழம் தெரியும்.

பசி, தாகம் என்றும் இரண்டு வைத்திருக்கிறார்கள். மீனைப் பிடி, சுடு, தின்னு; இன்னொரு மீனிலிருந்து குடிதண்ணீர் எடு. முதல் சில மணி நேரம் சுவாரசியம், அப்புறம் வீட்டு வேலை. அதை விட்டுவிடுவோம்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். இதே நிறுவனம் இதற்கு முன் 2012-இல் வெளியிட்டது நேச்சுரல் செலக்‌ஷன் 2, நன்றாகச் சுட்டுத் தள்ளுகிற ஆட்டம். அந்த டிசம்பரில் அமெரிக்காவில் சாண்டி ஹுக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கேம் ஆடுவதால் வன்முறை பெருகும் என்று தான் நம்பவில்லை, ஆனாலும் உலகத்தில் இன்னும் கொஞ்சம் துப்பாக்கியைச் சேர்க்கத் தனக்கு மனம் வரவில்லை என்று கிளீவ்லாண்ட் பிறகு விளக்கினார். எனவே சப்நாட்டிகாவில் ஒரு கத்தி உண்டு, பிராணியைச் சற்று நேரம் உறையவைக்கிற கருவி உண்டு, கொல்லுகிற துப்பாக்கி இல்லை. பயம் இதனால்தான் பல மடங்காகிறது. கையில் துப்பாக்கி இருந்தால் எதிரே வருவது இலக்கு. இல்லையென்றால் அது அந்த இடத்துக்குச் சொந்தக்காரன், நீங்கள் அழையா விருந்தாளி.

துப்பாக்கிக்குப் பதில் கையில் கொடுத்தது ஸ்கேனர். மீனையும் செடியையும் சற்று நேரம் குறிபார்த்துப் பிடித்தால் அதைப் பற்றிய குறிப்பு கிடைக்கும். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வில்லியம் பீபி நினைவுக்கு வருவார். 1934-இல் பெர்முடா கடலில், கம்பியில் தொங்கிய எஃகு உருண்டைக்குள் ஓட்டிஸ் பார்ட்டனோடு முடங்கிக்கொண்டு 923 மீட்டர் ஆழம் இறங்கியவர். கண்ட மீனையெல்லாம் டெலிபோனில் மேலே சொல்லச் சொல்ல, கப்பலில் குறித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன சில மீன்களை விஞ்ஞானிகள் நம்பவேயில்லை. சிவப்பு முதலில் மறைந்து, மற்ற நிறங்களும் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் நீலமும் கறுத்துப்போவதை ஜன்னல் வழியே கண்டு எழுதிவைத்தார். சப்நாட்டிகாவிலும் மேலே பச்சை நீலம், கீழே போகப் போகக் கருநீலம். விளக்கைப் போட்டால் நாலு முழத்துக்குத்தான் உலகம்.

அந்த இருட்டில் வேலை செய்வது காது. ரீப்பர் லெவையத்தன் என்று ஒரு பிராணி. பின்வரிசையில் யாரோ நெளிகிறார்கள் பாருங்கள். அதன் உறுமல் வெறும் சத்தமல்ல, வௌவால் போல எதிரொலியை வைத்து இரை தேடுகிறது. அதன் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதென்றால் அதற்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்று அதன் குறிப்பே சொல்லும். நிஜக் கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கு மேல். இரண்டு காதையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எட்டிவிடுவதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மனிதக் காதுக்குப் பிடிபடாது. விளையாட்டில் ஹெட்போன் போட்டால் திசை ஓரளவு தெரியும். தெரிந்து என்ன பயன்?

நிஜத்தை அப்படியே எடுத்துவைத்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆழத்தின் அழுத்தம் உங்கள் சின்ன நீர்மூழ்கியை 200 மீட்டரைத் தாண்டினால் நொறுக்கும்; வெறும் உடம்போடு நீந்துகிற உங்களை ஒன்றும் செய்யாது! ஆழத்திலிருந்து சர்ரென்று மேலே வந்தாலும் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டாது. பிரெயின் கோரல் என்ற பவளம் குமிழி குமிழியாக ஆக்ஸிஜன் விடும், அதன் மேல் நின்று மூச்சு வாங்கலாம். சோனிக்கும் தண்ணீருக்குள் குமிழியைப் பிடித்துத்தான் மூச்சு வாங்கும். அதே குமிழிதான், இடம் மாறியிருக்கிறது.

குறையென்று எனக்குப் படுவது ஒன்றுதான். பெரிய சைக்ளாப்ஸ் நீர்மூழ்கி கைக்கு வந்ததும் வீட்டையே கூட எடுத்துக்கொண்டு போகிறோம், மூச்சுக் கணக்கு தளர்ந்துவிடுகிறது. 2021-இல் வந்த அடுத்த பாகமான பிலோ ஜீரோ, பனிநிலத்தில் நடக்க வைத்து, கதாநாயகியைப் பேசவும் வைத்தது. கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடலில் தனியாக விடப்பட்டவனுக்குப் பேச்சு எதற்கு?

ஆடிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: பசி, தாகம் வேண்டாமென்றால் ஃப்ரீடம் என்ற முறை இருக்கிறது, தாராளமாக அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஹார்ட்கோர் பக்கம் முதலிலேயே போகாதீர்கள். அதில் ஒரே உயிர்தான், மூச்சு தீரப்போகிறது என்ற எச்சரிக்கையும் வராது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், ரீப்பர் எங்கெங்கே இருக்கிறது என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் சொல்கிறேன்.