சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கே வந்துடறேன். துணி எவ்வளவு வாங்கினா என்ன, பழசானா ரீசைக்கிள் பெட்டியில போட்டுட்டா புதுத் துணியா மாறி வந்துடும்னு நம்மள்ல நிறைய பேர் மனசைத் தேத்திக்கிறோம். வராதுங்க. பொருளை வீணாக்காம திரும்பத் திரும்பப் பயன்படுத்தணும்னு வேலை செய்யற எலன் மெக்கார்த்தர் ஃபவுண்டேஷன் 2017ல போட்ட ரிப்போர்ட்படி, துணிக்குப் போற மூலப்பொருள்ல மறுபடியும் உடுத்துற துணியா திரும்பி வர்றது 1 சதவீதத்துக்கும் கீழ.

ஏன்னு லேபிளைப் பாத்தாலே புரிஞ்சிடும். காட்டன், பாலியஸ்டர், கொஞ்சம் எலாஸ்டேன் (துணி இழுபட்டுக் கொடுக்கறதுக்குச் சேக்கற நூல்)னு போட்டிருக்கும். பருத்தி செடியில விளையுது, பாலியஸ்டர் பெட்ரோலியத்துலேருந்து வர்ற பிளாஸ்டிக், ரெண்டையும் சேத்து நூத்து, நெய்து, சாயமும் ஏத்திட்டா அப்புறம் பிரிச்செடுக்கறது லேசுப்பட்ட வேலையே இல்ல. அதனால கொஞ்சம் தரை துடைக்கிற துணியாவும் மெத்தைக்குள்ள அடைக்கிற பஞ்சாவும் போகுது, மிச்சத்துல பெரும்பங்கு எரியுது, புதையுது, இல்லன்னா கப்பல் ஏறுது. கானாவுல அக்ரா நகரத்து காண்டமாண்டோ பழைய துணிச் சந்தையில வியாபாரிங்க மூட்டையைப் பிரிக்காமலே காசு கொடுத்து எடுக்கணும், உள்ள கிழிசலும் கறையுமா இருந்தா நஷ்டம் அவங்க தலையில. சிலியோட அட்டகாமா பாலைவனத்துலயும் இப்படி வந்த துணிதான் குவிஞ்சு கிடக்கு.

விலை எப்படி இவ்வளவு கம்மியாகுதுன்னும் யோசிக்கணும். 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்துல துணி தைக்கிற ஃபேக்டரிங்க இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்க. முந்தின நாளே சுவத்துல விரிசல், கீழ இருந்த பேங்கையும் கடைகளையும் மூடிட்டாங்க, மேல தைக்கிறவங்களை மட்டும் வேலைக்கு வந்தே ஆகணும்னு உள்ள அனுப்பினாங்க. ஆர்டரைத் தேதிக்குள்ள முடிக்கணும்ங்கிற நெருக்கடி, வேற என்ன. இதை நினைக்கிறப்போ எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

சரி, நாம என்ன பண்றது? குறைச்சலா வாங்கணும், வாங்கினதை ரொம்ப நாள் உடுத்தணும். அதுக்கு கடையில சட்டையை எடுத்தவுடனே உள்பக்கம் திருப்புங்க. தையல் ஓரத்துல துணி கொஞ்சம் தாராளமா விட்டிருக்காங்களா, அப்பதான் நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரிச்சு விட முடியும். ரெண்டு பக்கமும் லேசா இழுத்துப் பாருங்க, தையலுக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது சீக்கிரம் விட்டுடும். காஜா ஓரத்துல இப்பவே நூல் பிரியுதா பாருங்க. துணியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க, சல்லடையா தெரிஞ்சா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க, ஆஃபர் எவ்வளவு போட்டிருந்தாலும் சரி.

ஆனா பாரத்தை வாங்கறவங்க தலையில மட்டும் ஏத்தறது நியாயமில்லைங்க. பிரான்ஸ்ல விக்காத துணியை எரிக்கக் கூடாதுன்னு 2020லயே சட்டம் போட்டாச்சு. 2023லேருந்து கிழிஞ்சதைத் தைக்கக் கொடுத்தா பில்லுல ஒரு பகுதி கழியுது, அந்தக் காசு கம்பெனிங்க கட்டற கட்டணத்துலேருந்து வருது. மத்த நாடுகள்லயும் இதைக் கேட்டு வாங்கணும். இன்னொண்ணு, வருஷத்துக்கு மொத்தம் எத்தனை உருப்படி தைக்கிறோம்னு பெரும்பாலான பெரிய பிராண்டுங்க வெளிய சொல்றதே இல்ல. சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு பச்சை டேக் மாட்டி ஒரு கலெக்ஷனை நம்ம முன்னாடி நீட்டறப்போ முதல்ல அந்தக் கணக்கைக் கேளுங்க, சொல்ற வரைக்கும் விடாம கேளுங்க.