மழையே பெய்யாத ஊருக்கு மழைத்தொட்டி எதுக்கு?

வணக்கம். சுங்கைப் பட்டாணியிலேருந்து ஒரு அக்கா அனுப்பின கேள்வி. மூணு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அவங்க தாத்தா ஊர் தமிழ்நாட்டுல ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். குடும்பமாச் சேர்ந்து 10,000 ரிங்கிட் திரட்டியிருக்காங்க. “நீங்க மழைத்தொட்டி கட்டச் சொல்றீங்க. மழையே பெய்யாத ஊர்ல அது எதுக்கு? பேசாம ஆழ்துளைக் கிணறு, அதான் போர், போட்டுக் கொடுத்திடலாமே?”னு கேக்குறாங்க.

அக்கா, ராமநாதபுரம் மாவட்டத்துல பல இடத்துல நிலத்தடித் தண்ணி உப்பு. அதனாலதான் அந்தக் காலத்துலயே குடிக்கிறதுக்குன்னு தனியா ஊருணி வெட்டி, மாடு இறங்கக் கூடாது, யாரும் குளிக்கக் கூடாதுன்னு காவல் காத்தாங்க. காசு போட்டு உப்புத்தண்ணி எடுக்காதீங்க.

மழையே இல்லைங்கறது நம்ம கண்ணுக்கு. பினாங்குல வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல பார்த்துப் பழகிட்டோம். அங்க சுமார் 800. நான் எப்பவும் சொல்ற கணக்கு, பழைய ஆளுங்க பொறுத்துக்குங்க: ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். 6 மீட்டருக்கு 5 மீட்டர் வீடு, 30 சதுர மீட்டர். 800ஆல பெருக்குனா 24,000 லிட்டர். ஓட்டு வீடோ மாடி வீடோ இருக்கணும், ஓலைக் கூரை ஆகாது. முதல் மழையில தூசி, பறவை எச்சம் எல்லாம் வரும், அதை வெளிய விட்டுடணும். அதுவும் சிந்தினதும் போக 19,000 தேறும். அஞ்சு பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 50 லிட்டர்னா வருஷத்துக்கு 18,250. போதுதே!

சங்கடம் என்னன்னா, அதுல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். மிச்ச மாசத்துக்குப் பிடிச்சு வைக்க இடம் வேணும். எங்க பாட்டி எஸ்டேட் லயத்துல தாவாரத்துக்குக் கீழ ரெண்டு தோங், அதான் பீப்பாய், வைப்பாங்க. இங்க நாலு நாளைக்கு ஒரு மழை, அது போதும். அங்க தோங் போதாது. பிரேசிலோட வறண்ட வடகிழக்குல 2003ல பத்து லட்சம் தொட்டி கட்டுறோம்னு ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கு ஒண்ணு, 16,000 லிட்டர். அதுல எனக்குப் பிடிச்சது அளவு இல்ல. உள்ளூர்க் கொத்தனாருக்கே வேலை கத்துக்கொடுத்தாங்க. தொட்டியை எப்படிப் பார்த்துக்கறதுன்னு அந்தந்தக் குடும்பத்துக்கும் வகுப்பு வெச்சாங்க.

ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னா, ஒரு ஊர்ல பார்த்தேன். வெளிநாட்டுச் சொந்தக்காரங்க கட்டிக் கொடுத்த தொட்டி. கல்வெட்டுல பதினோரு பேர் பேரு, எழுத்து பளபளன்னு இருக்கு. கூரையிலேருந்து வர்ற குழாய் மூட்டு விட்டுப்போய் தொட்டி காய்ஞ்சு கிடக்கு. நிழலுக்கு ஆடு படுத்திருக்கு. பக்கத்து வீட்டம்மா குடத்தோட லாரித் தண்ணிக்குக் காத்திருக்காங்க. ஏம்மா சரி பண்ணலைன்னு கேட்டேன். “எங்களுக்கு யாரும் சொல்லலையே தம்பி”னாங்க. எனக்குப் பேச்சே வரல.

அதனால அக்கா, போரா தொட்டியாங்கறதை விட, யாரு பார்த்துப்பாங்கன்னு கேளுங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட நேரா கேளுங்க, குடம் தூக்குறவங்க அவங்கதான். தொட்டி எங்க இருக்கணும், கைப்பம்பு எந்த உயரத்துல இருக்கணும், ஐப்பசிக்கு முன்னாடி கூரை கழுவறது யாரு, கொசு போகாம மூடியில வலை கட்டறது யாரு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு படுத்தற பாடு நமக்குத் தெரியாததா?

இந்த வாரமே ஊருக்குப் போன் போடுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த பதிவுல அதை வெச்சே பேசலாம்.