கதவு திறந்தது, ஆள் வெளியே வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பரோல் என்பது நாலு நாள் விடுப்பு இல்லை. மிச்சத் தண்டனையைக் கண்காணிப்பின் கீழ் வெளியில் கழிக்க விடுவது. சிறுவயதில் குற்றம் செய்தவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது, சாகும்வரை உள்ளேதான் என்று எழுதிவிடலாமா? பல வருஷமாக என் மனதை அரிக்கும் கேள்வி இது.

ஹென்றி மாண்ட்கோமரி என்று ஒருவர். 1963-இல் லூசியானா மாநிலத்தில் ஒரு காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அப்போது வயது 17. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சுற்றிய பையன். ஆயுள் தண்டனை, பரோல் கிடையாது.

பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அப்படியொரு தண்டனையைக் கட்டாயமாக்கும் சட்டம் செல்லாது என்று 2012-இல் மில்லர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. பழைய கைதிகளுக்கும் அது பொருந்தும் என்றது 2016 தீர்ப்பு. அது மாண்ட்கோமரி போட்ட வழக்குதான். அதைக் காட்டி எத்தனையோ பேர் வெளியே வந்தார்கள். வழக்குப் போட்டவர் வரவில்லை!

தீர்ப்பால் கிடைத்தது பரோல் கேட்கும் தகுதி மட்டும்தான், விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பரோல் வாரியம். 2018-இல் அந்த வாரியம் மறுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, சிறையில் போதுமான வகுப்புகளுக்குப் போகவில்லையாம். யோசித்துப் பாருங்கள். இவன் எங்கே வெளியே போகப்போகிறான் என்று பல பத்தாண்டுகள் வகுப்பில் சேர்க்காமலே வைத்திருந்தார்கள் என்றார்கள் அவருடைய வக்கீல்கள். சேர்க்கவும் மாட்டோம், சேரவில்லை என்று குறையும் சொல்வோம் என்றால் எப்படி? அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தார், இளைய கைதிகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். அதெல்லாம் கணக்கில் ஏறவில்லை. 2019-இல் மூன்று உறுப்பினரில் இருவர் சரி என்றார்கள், ஒருவர் மறுத்தார். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் விடுதலை. மறுத்தவர் சொன்னதும் அதேதான்: இன்னும் வகுப்புகள் வேண்டும்.

கொல்லப்பட்டவரின் குடும்பத்தில் எதிர்ப்பு இருந்தது. தகப்பனைப் பறிகொடுத்தவர்களின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. வாரியம் அவர்களையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் இன்று யார் என்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், பரோல் கேட்கும் தகுதி வேறு, விடுதலை வேறு. 2021 நவம்பரில் அவர் வெளியே வந்தபோது வயது 75.

நேரம் நெருங்கிவிட்டது, கலிபோர்னியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம் நடந்தபோது இருந்த இளவயதுக்கு வாரியம் பெரும் மதிப்புத் தர வேண்டும் என்று அங்கே 2013-இல் சட்டம் வந்தது. தண்டனையைப் பொறுத்து 15, 20 அல்லது 25-ஆம் ஆண்டில் பரோல் விசாரணை. முதலில் 18-க்குக் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் இருந்த சட்டம், இப்போது 25 வயதுவரை நீண்டிருக்கிறது. லூசியானாவிலும் இப்படி ஒரு விதி வேண்டும், சிறைக்குள் போன முதல் வருஷத்திலிருந்தே வகுப்பும் வேண்டும். நன்றி, வணக்கம்.