இன்ஜின் இல்லாத ரயில்: ரோலர் கோஸ்டர் பெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

[காட்சி: ஏற்றத்தின் உச்சியில் ஒரு ரயில் மெல்லத் தலைநீட்டுகிறது. சங்கிலிச் சத்தம் மட்டும்.]

இந்த ரயிலில் இன்ஜின் கிடையாது. ஓட்டுநர் கிடையாது. ஸ்டீயரிங் கிடையாது. பிரேக் கூடக் கிடையாது.

ஆமாம், பிரேக் கூட. பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் பிரேக் தண்டவாளத்தோடு சேர்ந்தது. இன்றைய ரயில்கள் பலவற்றின் அடிவயிற்றில் ஓர் உலோகத் தகடு மட்டும் தொங்கும். பாதையில் வரிசையாக வைத்த காந்தங்களுக்கு நடுவே அது நுழைந்ததும் வேகம் தானாக விழும். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தேரிலும் பிரேக் இல்லை. கீழே ஓடிக்கொண்டே முட்டுக்கட்டை போடுகிறவர்தான் பிரேக்.

சரி, அப்படியானால் இந்த ரயிலில் என்னதான் இருக்கிறது? பாதையைப் பிடித்துக்கொள்ளும் சக்கரம், உங்களைப் பிடித்துக்கொள்ளும் கம்பி, இரண்டையும் இணைக்கும் எஃகுச் சட்டம். பளபளக்கும் மூக்கு, சிறகு, வண்ணம் எல்லாம் மேலே போட்ட வேஷம். வேஷத்தைப் பற்றியும் பேசலாம். முதலில் சக்கரம்.

[காட்சி: கோனி தீவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

1884. நியூயார்க்கின் கோனி தீவு. லமார்கஸ் தாம்ப்சன் என்பவர் ஒரு சவாரியைத் திறக்கிறார். கட்டணம் 5 சென்ட். வண்டி என்றால் சக்கரம் வைத்த பெஞ்சுதான். அதில் பக்கவாட்டில் உட்கார்ந்து, மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். நம்மூரில் சைக்கிள் மிதிக்கிறவர் இதை எளிதாக முந்திவிடுவார். பாதையின் கடைசியில் இறங்கிக்கொள்ள வேண்டும்; வண்டியை ஆட்கள் மறுபடி மேலே தள்ளி ஏற்றுவார்கள்.

ஏன் இத்தனை மெதுவாக? அந்தக் காலத்து வண்டியைப் பாதையோடு கட்டி வைக்க எதுவும் இல்லை. புவியீர்ப்பை நம்பி அதன் மேல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902-ல் கட்டிய 'லீப் தி டிப்ஸ்' இன்றும் நிற்கிறது. அதன் மொத்த உயரம் 41 அடி. ஆனால் ஒரே மூச்சில் இறங்கும் மிகப் பெரிய சரிவு 9 அடிதான். அதைவிடச் செங்குத்தாக விட்டால் வண்டி பாதையை விட்டு எழும்பிவிடும். பயணிகளுக்குப் பெல்ட்டும் கிடையாது, கம்பியும் கிடையாது.

[காட்சி: தண்டவாளத்தின் குறுக்குவெட்டு வரைபடம். மூன்று சக்கரங்கள் ஒவ்வொன்றாக வந்து பொருந்துகின்றன.]

இதை மாற்றியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அவருடைய யோசனையைக் கேட்டால், இதுகூடவா யாருக்கும் தோன்றவில்லை என்று இருக்கும். தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம். 1919-ல் காப்புரிமை கிடைத்தது.

இன்றைய ரயில்களில் ஒரே கொத்தில் மூன்று வகைச் சக்கரங்கள் இருக்கும். மேலே ஓடுவது எடையைத் தாங்கும். பக்கத்தில் ஒட்டியிருப்பது வளைவில் ரயிலை விலகவிடாது. அடியில் இருப்பது ரயிலை எழும்பவிடாது. மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கைக்குள் அடக்கிய குழாயைப் போலப் பிடித்துக்கொள்ளும். ரயிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் விழாது. இன்று நாம் பார்க்கிற செங்குத்துச் சரிவு, வளையம், திருகு எல்லாவற்றையும் துணிந்து கட்ட முடிந்தது இந்த அடிச்சக்கரத்தால்தான்.

மில்லரிடம் இன்னொரு காப்புரிமையும் உண்டு. ஏற்றத்தில் சங்கிலி ரயிலை மேலே இழுத்துப்போகும்போது 'டக் டக் டக்' என்று கேட்குமே, பயத்தை ஏற்றுகிற அந்தச் சத்தம்? சங்கிலியின் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ரயிலுக்கு அடியில் இருக்கும் ஓர் இரும்பு நாக்கு, பாதையோரப் பற்கள் மேல் ஒவ்வொன்றாக ஏறி விழும் சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் அந்த நாக்கு அருகிலிருக்கும் பல்லில் மாட்டிக்கொள்ளும், ரயில் பின்னால் உருளாது. உங்களை நடுங்க வைக்கிற அதே சத்தம்தான் உங்களைக் காப்பாற்றுகிறது.

[காட்சி: பணிமனையில் கழற்றி அடுக்கிய சக்கரங்கள், பல நிறங்களில்.]

அடுத்து, சக்கரம் எதனால் ஆனது? பழைய மரக் கோஸ்டர்களில் எஃகுச் சக்கரம், மரப் பலகை அடுக்குகளின் மேல் பதித்த எஃகுப் பட்டையில் ஓடும். இரும்போடு இரும்பு உரசுவதால்தான் அந்தக் கடகட இரைச்சல். 1959-ல் டிஸ்னிலேண்டில் 'மேட்டர்ஹார்ன்' திறந்தது. ஏரோ நிறுவனம் அதற்கு எஃகுக் குழாய்களை வளைத்துத் தண்டவாளம் செய்தது. குழாயின் மேல் மென்மையான பூச்சுள்ள சக்கரங்கள் வந்தன. இரைச்சல் அடங்கியது, அதிர்வும் குறைந்தது.

இன்று எஃகுக் கோஸ்டர்களில் அலுமினிய நடுப்பாகத்தின் மேல் பாலியூரித்தேன் அல்லது நைலான் பூசிய சக்கரங்கள்தான் அதிகம். பாலியூரித்தேன் மென்மை, அதிர்வை விழுங்கிக்கொள்ளும். ஆனால் அமுங்கி அமுங்கி எழுவதால் சூடாகும், வேகத்தைக் கொஞ்சம் தின்னும். நைலான் கெட்டி; வேகம் குறையாது, சவாரி கொஞ்சம் முரடாக இருக்கும். அதனால் பராமரிப்புக்காரர்கள் இரண்டையும் கலந்து மாட்டி ரயிலின் வேகத்தையே சரிசெய்கிறார்கள். குளிர்ந்த காலையில் பேரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கும், ரயில் சோம்பலாக ஓடும். பகலெல்லாம் ஓடிச் சூடானபின் அதே ரயில் மாலையில் பாய்ந்து வரும். பூங்காவுக்குப் போனால் பெரிய சவாரியைப் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் உட்காருவது என்று கேட்டால், என் ஓட்டு கடைசி வரிசைக்கு.

காரணம் இருக்கிறது. முதல் பெட்டி உச்சியைத் தாண்டும்போது மற்ற பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் முன்னால் இருப்பவர் மெல்லத்தான் இறங்குவார். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது ரயிலின் பாதிக்கு மேல் சரிவில் விழுந்துகொண்டிருக்கும். அந்த எடை கடைசிப் பெட்டியை வெடுக்கென்று இழுத்துப்போகும். உடம்பு இருக்கையை விட்டு எழும். ஒரே ரயில், ஒரே சரிவு, இரண்டு வேறு அனுபவம்.

[காட்சி: பல ரயில்களின் முகப்புகள், வேகமாக மாறுகின்றன.]

இனி வேஷம். ஆரம்பத்தில் பெட்டியின் உடல் மரம். பிறகு தகடு. இப்போது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். கடற்கரையில் ஃபைபர் படகு பார்த்திருப்பீர்களே, அதே வித்தைதான்: கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, ரெசின் பூசி, காய்ந்ததும் உரித்தெடுப்பது. எடை குறைவு, எந்த வடிவமும் வரும். அதனால்தான் ஒரு ரயிலுக்கு எந்த முகத்தையும் மாட்ட முடிகிறது.

பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட் பூங்காவின் 'தண்டர்போல்ட்' ரயிலுக்கு மூக்கில் ஹெட்லைட் உண்டு, அந்தக் காலத்துக் கார் போல. டெக்சஸில் 2011-ல் புதுப்பித்த 'நியூ டெக்சஸ் ஜயன்ட்' ரயிலுக்கு 1961-ம் வருடத்துக் காடிலாக் காரின் முகம், முன்னால் மாட்டுக் கொம்பு வேறு. டிஸ்னியின் 'பிக் தண்டர் மவுன்டன்' ரயிலின் முன்னால் நீராவி இன்ஜின் நிற்கும். அது எதையும் இழுக்காது. அபுதாபியில் 2010-ல் திறந்த 'ஃபார்முலா ரோசா' ரயில் ஃபெராரி பந்தயக் கார் வடிவம். வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். காற்றில் வரும் மணலும் பூச்சியும் கண்ணில் அடிக்காமல் இருக்கப் பயணிகளுக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள். எனக்கென்னவோ, கொம்பு வைத்த காடிலாக்தான் பிடிக்கிறது. கொஞ்சம் அசட்டுத்தனம் இருந்தால்தான் சவாரி.

[காட்சி: பயணியின் கால்கள் காற்றில் தொங்குகின்றன. கீழே மரங்கள்.]

அப்புறம், வேஷத்தையே கழற்றிப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மபிலார்ட் நிறுவனம் 1992-ல் சிகாகோ அருகே ஒரு பூங்காவுக்காக ரயிலைத் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கவிட்டது. கால் ஊன்றத் தரை இல்லை. 1999-ல் நியூ ஜெர்சியில் ரயில் மறுபடி தண்டவாளத்துக்கு மேலே வந்தது, ஆனால் தரை மட்டும் வரவில்லை. 2011-ல் இத்தாலியின் கார்டாலேண்டில் இருக்கைகளைப் பாதைக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டி வைத்தார்கள்; பயணிக்கு மேலேயும் கீழேயும் வெற்று வெளி. சென்னை வொண்டர்லாவின் 'தஞ்சோரா' தொங்கும் வகையைச் சேர்ந்தது, அதே சுவிஸ் நிறுவனம் செய்தது. நேரில் பார்க்க நினைப்பவர் வெளிநாடு போக வேண்டியதில்லை.

பயணியைச் சுற்றி இருந்ததை எடுக்க எடுக்க, கண்ணில் படாத இடத்தில் இரும்பு கூடிக்கொண்டே போகும். சிறகு நுனியில் ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய எடையை அச்சு நெம்புகோல் போலத் தாங்க வேண்டும். சட்டம் தடிக்கும், வெல்டிங் கூடும். 'ஒன்றுமே இல்லாமல் பறக்கிறோம்' என்று உங்களுக்குத் தோன்ற வைக்க, அத்தனை எஃகு ஒளிந்து உழைக்கிறது.

பிடிக்கும் கம்பியும் இதேபோல வளர்ந்தது. முதலில் ஒரு வரிசைக்கே ஒரு கம்பி. பக்கத்தில் பருமனானவர் உட்கார்ந்தால் அவர் தொடையோடு கம்பி நின்றுவிடும், ஒல்லியானவருக்கு ஒரு சாண் இடைவெளி. பிறகு ஆளுக்கொரு கம்பி வந்தது. வளையங்கள் வந்தபோது தோளை அழுத்தும் பட்டையும் வந்தது, இரண்டு பக்கமும் காதில் இடித்து வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. வேடிக்கை என்னவென்றால், 1976-ல் கலிபோர்னியாவில் திறந்த 'ரெவல்யூஷன்', நவீன காலத்தின் முதல் செங்குத்து வளையம், தொடைக் கம்பியோடுதான் ஓடியது. வளையத்தின் உச்சியில் சுழற்சி வேகமே ஆளை இருக்கையோடு அழுத்திவிடும். தோளை அழுத்தும் பட்டை அதற்குப் பிற்பாடுதான் வந்தது, 2016-ல் திரும்பப் போனது. இன்றைய கம்பிகள் பலவற்றில் ஹைட்ராலிக் உருளை இருக்கிறது, அதனால் 'கிளிக்' சத்தம் இல்லாமல் உங்கள் அளவுக்கே இறங்கும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று பிடிக்க, பொதுவாக இரட்டையாக வைப்பார்கள்.

[காட்சி: பனிக்காலம். மூடிய பூங்கா. பணிமனைக்குள் விளக்கு.]

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது ரயிலைக் கடைசி போல்ட் வரை பிரிப்பார்கள். முக்கியமான பாகங்களில் பெயின்டைச் சுரண்டி எடுத்து, காந்தத் துகள் கலந்த திரவத்தைத் தெளித்து, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தால் அந்தப் பாகம் சரிசெய்யப்படும், இல்லையென்றால் குப்பைக்குப் போகும்.

பூட்டி முடித்ததும் முதல் ஓட்டம் வெறும் ரயிலோடு. பிறகு ஒவ்வோர் இருக்கையிலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை உட்கார வைத்து, கம்பியை இறக்கி, சங்கிலியில் ஏற்றிவிடுவார்கள். தலையும் உடம்பும் மட்டும் உள்ள பொம்மைகள். உச்சியிலிருந்து தொப்பென்று விழும்போது கையைத் தூக்கிக் கத்த அவற்றுக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை.

[காட்சி: பொம்மைகள் நிறைந்த ரயில் சரிவில் இறங்குகிறது. சக்கரச் சத்தம் மட்டும்.]