தூக்கத்தைக் கெடுக்கும் மாத்திரைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

"ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது டாக்டர், ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: இப்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எதை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? இதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் பார்ப்பார்கள். தூக்கத்தைக் கெடுத்த மருந்து பல நேரம் அவர்கள் மாத்திரைப் பையிலேயே இருக்கும்.

உதாரணத்துக்கு ஸ்டீராய்டையே பாருங்கள். ஆஸ்துமா, மூட்டுவாதம், ஒவ்வாமை என்று பலவற்றுக்கும் ப்ரெட்னிசோலோன் தருகிறோம். நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் விடியற்காலையில் ஏறும், இரவில் இறங்கும். ப்ரெட்னிசோலோன் அதே ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்து. அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால், படுக்கப் போகிற நேரத்தில் உடம்பைத் தட்டி எழுப்புகிறோம் என்றுதான் அர்த்தம். ஒரு வேளை மருந்து என்றால் காலை உணவோடு முடித்துவிடலாம். இரண்டு வேளை என்றால், இரண்டாவதைப் பிற்பகலுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தும் அளவும் அதேதான், நேரத்தை மாற்றினாலே பலருக்குத் தூக்கம் திரும்பிவிடுகிறது.

நீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோஸ்மைடும் இப்படித்தான். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். இரவு ஒன்பது மணிக்குப் போட்டவர் மூன்று மணி வரை எழுந்து எழுந்து போக வேண்டியதுதான்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்றவை மூளைக்குள்ளும் போகும். இரவில் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைக் குறைக்கும், சிலருக்குக் கெட்ட கனவு வரும். மூளைக்குள் குறைவாகப் போகும் அட்டெனலால் போன்ற மாற்று இருக்கிறது. மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெட்டினைப் பெரும்பாலும் காலையில்தான் சாப்பிடச் சொல்வோம். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் படபடப்போடு தூக்கம் போகும். அதை ரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

அப்புறம், சீட்டு இல்லாமல் வாங்கும் சளி மாத்திரைகள். மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரின் நரம்புகளையும் முடுக்கிவிடும். சில தலைவலி மாத்திரைகளில் காஃபீன் உண்டு. உள்ளே போன காஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இதையெல்லாம் மருந்துக் கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

இதைக் கேட்டுவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை நான் மன்றாடியே கேட்கிறேன். வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடம்பு நிலைகுலைந்துவிடும். மெட்டோப்ரோலாலைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம்.

சரி, தூக்க மாத்திரை? சில நாள் நெருக்கடிக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தூக்கத்துக்குத் தரும் அல்ப்ரசோலத்தைச் சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால், தூக்கமின்மை முன்பைவிட மோசமாக வரும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடியும் மாத்திரையைத் தொடங்குவார்கள். அந்தச் சுழலில் வருடக்கணக்கில் சிக்கியவர்கள் உண்டு. மருத்துவர் துணையோடு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வயதானவர்களை இந்த மாத்திரைகள் தடுமாறி விழவைக்கும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை மறுநாள் காலையிலும் ரத்தத்தில் தங்கி, வண்டி ஓட்டுவதைப் பாதிக்கிறது என்பதால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. இந்தச் சிகிச்சையில், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். கண் சொருகினால்தான் படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார வேண்டும். படுக்கையில் கிடக்கும் நேரத்தையும் சுருக்குவோம். முதல் ஓரிரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், பகலில் தூக்கம் அசத்தும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் கிடைக்கும் பலன் மாத்திரையைவிட நீடிக்கும். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மட்டும் படுக்கை நேரத்தைச் சுருக்கும் பகுதியை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், சளி மாத்திரை உட்பட. எதை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், தூக்கம் எந்த மாதத்திலிருந்து கெட்டது, அதற்குச் சற்று முன்னால் எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். நன்றி, வணக்கம்.