வயதாகும் மூளை: இரண்டாம் முறை எடுத்த வீடியோ

வணக்கம். வயதாக ஆக மூளையில் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது, எது குறைவாக வேலை செய்கிறது என்ற இந்த வீடியோவை இரண்டாவது தடவை எடுக்கிறேன். முதலில் எடுத்ததை எடிட் பண்ண உட்கார்ந்தால், பாதிக்கு மேல் தலைகீழாக உளறியிருக்கிறேன். எல்லாம் ஒரு ஹீட்மேப், அதாவது எண்களுக்குப் பதில் நிறத்தால் அளவைக் காட்டும் படம், செய்த வேலை. மைக்ரோஅரே (பல மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே சில்லில் அளக்கும் முறை) காலத்துப் படங்களில் பெரும்பாலும் சிவப்பு என்றால் மரபணுவின் செயல்பாடு கூடுதல், பச்சை என்றால் குறைவு. நான் போக்குவரத்து சிக்னல் ஞாபகத்தில் மாற்றிப் படித்துவிட்டேன். வயதாக ஆக சினாப்ஸ் (நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) மரபணுக்கள் சூடு பிடிக்கின்றன என்று பதினோரு நிமிடம், கையை ஆட்டி ஆட்டி! சிவப்பு, பச்சை வித்தியாசமே தெரியாதவர்கள் இந்தப் படத்தை வைத்து என்ன செய்வார்கள்? படம் போடுகிறவர்கள் நீலமும் மஞ்சளும் போட்டால் குறைந்தா போவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'வயதானால் மரபணு மாறும்' என்ற தலைப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், தெரியுமே. இங்கே பேச்சு மரபணுவைப் பற்றி அல்ல. எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. (மரபணுவின் நகல்) படியெடுக்கப்படுகிறது என்பதைப் பற்றி. அந்த அளவு கூடினால் மரபணு ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது என்பேன்.

2004இல் மூளை ஆய்வாளர் புரூஸ் யாங்க்னரின் குழு, 26 முதல் 106 வயது வரை வாழ்ந்த 30 பேரின் மூளையின் முன்மடல் புறணியை (முன்பக்க மேலடுக்கை) ஆராய்ந்தது. நாற்பதைத் தாண்டியதும் சினாப்ஸ், மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) சார்ந்த பல மரபணுக்கள் இறங்குகின்றன. டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பவை ஏறுகின்றன. இறங்கிய மரபணுக்களின் புரோமோட்டரில்தான், அதாவது மரபணுவை இயக்கிவைக்கும் பகுதியில்தான், டி.என்.ஏ. சேதமும் அதிகம். சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே துரு!

ஆனால் அது மொத்தத் திசுவையும் சேர்த்து அரைத்துப் பார்த்தது. எந்தச் செல் இறங்கியது என்று அதில் தெரியாது. எனக்கு அதனால்தான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்கும் ஒற்றைச் செல் ஆய்வுகள் மேல் கொள்ளை ஆசை. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆலன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்டது சுமார் 12 லட்சம் எலி மூளைச் செல்களின் அளவுகளை. நியூரான்களுக்குத் துணை நிற்கும் கிளியா செல்களில் நிறைய மாற்றம். ஹைப்போதலாமஸில், மூன்றாவது வென்ட்ரிக்கிளை (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) ஒட்டிய செல்களில் நியூரான் வேலைக்கான மரபணுக்கள் இறங்க, நோயெதிர்ப்பு மரபணுக்கள் ஏறுகின்றன. பசியையும் உடலின் ஆற்றல் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் வட்டாரம் அது. ஐயோ, எலிகளின் வயதைச் சொல்லவே இல்லையே: இளசுகளுக்கு 2 மாதம், வயதானவற்றுக்கு 18 மாதம்.

பசி என்றதும்தான் இன்னொன்று ஞாபகம் வருகிறது, முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். 2000இலேயே, கலோரியைக் குறைத்து வளர்த்த எலிகளின் மூளையில், வயதானால் வரும் இதே மாதிரியான நோயெதிர்ப்பு, அழற்சி மரபணுக்களின் ஏற்றம் மட்டுப்பட்டதைக் காட்டிவிட்டார்கள். அந்தக் கட்டுரையில் மரபணுக்களை அட்டவணை போட்டு, எத்தனை மடங்கு என்று எண்ணாகவே எழுதியிருந்தார்கள். என்ன நிம்மதி!