வெங்காயக் குவர்செடின் உடம்பில் படும் பாடு

நேயர்களுக்கு வணக்கம். பச்சைத் தேயிலை டப்பாவில்கூட இப்போது ஃபிளவனாய்டு என்று அச்சடிக்கிறார்கள். தாவரங்களில் இயற்கையாகவே இருக்கும் ஒரு வகைச் சேர்மங்களுக்குத்தான் அந்தப் பெயர். சாப்பிட்டதும் அது நேரே ரத்தத்தில் கலந்து வேலையைத் தொடங்கிவிடும் என்று நமக்கு ஒரு நினைப்பு. உடம்போ அதை வேண்டாத விருந்தாளியாகத்தான் நடத்துகிறது.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குவர்செடின் என்ற ஃபிளவனாய்டு வெளி அடுக்குகளில்தான் அதிகம். சருகோடு சேர்த்து நல்ல அடுக்கு ஒன்றையும் உரித்துப் போடுகிறோமே, அதில்தான்! இந்தக் குவர்செடினோடு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலின் சர்க்கரையைச் செரிக்க வைக்கிற அதே லாக்டேஸ் நொதி, சிறுகுடலில் அந்தக் குளுக்கோஸை வெட்டிவிடும். அப்புறம் குவர்செடின் குடல் சுவருக்குள் நுழையும்.

தேயிலையிலுள்ள ருட்டினும் குவர்செடின்தான். ஆனால் அதில் ராம்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் உண்டு. லாக்டேஸின் பாச்சா அதனிடம் பலிக்காது. பெருங்குடல் அகற்றப்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வொன்றை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டார்கள். வெங்காயத்திலிருந்து சுமார் 52 சதவீதம் உறிஞ்சப்பட்டது, ருட்டினிலிருந்து 17 சதவீதம்தான்.

உள்ளே நுழைந்ததும் விடுவார்களா? குடல் சுவரிலும் கல்லீரலிலும் குளுகுரோனிக் அமிலம், சல்பேட், மீதைல் என்று ஏதாவது ஒன்றை அதன்மேல் ஒட்டிவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலுக்கும் இந்த மரியாதைதான். தண்ணீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேற இந்த ஏற்பாடு. ஆகவே ரத்தத்தில் சுத்தமான குவர்செடின் அநேகமாக இருக்காது. ஆய்வகத்தில் செல்கள்மேல் அதை ஊற்றிப் பார்த்துச் சொல்லும் அற்புதங்களை நான் பாதிதான் நம்புவேன்.

சிறுகுடலில் உறிஞ்சப்படாத மிச்சமெல்லாம் பெருங்குடலுக்குப் போகிறது. பெரிய வேலை அங்கேதான். யூபாக்டீரியம் ராமுலஸ் போன்ற பாக்டீரியாக்கள் மூலக்கூறின் வளையத்தையே உடைத்துச் சிறிய ஃபீனாலிக் அமிலங்களாக்குகின்றன. அவை மறுபடி ரத்தத்துக்கு வந்து, கல்லீரலைப் பார்த்துவிட்டு, சிறுநீரில் போகின்றன.

இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. சோயாவிலுள்ள டெய்ட்சீன் என்ற ஃபிளவனாய்டைக் குடலிலுள்ள சில பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றும். மேலை நாடுகளில் கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு பேருக்குத்தான் அந்த பாக்டீரியாக்கள் உண்டு. ஜப்பானில் சுமார் பாதிப் பேருக்கு. மற்றவர்கள் எவ்வளவு சோயா சாப்பிட்டாலும் ஈக்வால் கிடைக்காது.